கருப்பனுக்குக் குதிரை பிடிக்கவில்லை

கேள்வி:

டாக்டர், திருச்சியில் தனி வீடு, பின்னால் சின்னத் தோட்டம். எங்கள் நாய் கருப்பனுக்கு இரண்டு வயது. நாட்டு நாய்தான். நான்கு மாதக் குட்டியாக இருந்தபோது தெருவில் கிடைத்தவன். தடுப்பூசியெல்லாம் தவறாமல் போட்டிருக்கிறோம். போன வாரம் புதுக்கோட்டைப் பக்கம் போன என் கணவர், ரோட்டோரம் ஒரு மண் குதிரை வாங்கி வந்தார். நாலடி உயரம். கண்ணுக்கு வெள்ளை, கழுத்து மணிக்கு நீலம் என்று வர்ணம் தீட்டியது. முருங்கை மரத்தடியில் வைத்தோம். அன்றைக்கு ஆரம்பித்தது. கருப்பன் பத்தடி தள்ளி நின்றுகொண்டு ஓயாமல் குரைக்கிறான். முதுகு முடி அப்படியே நட்டுக்கொண்டு நிற்கிறது. ஓரடி முன்னால் வைத்தால் மூன்றடி பின்னால் போகிறான். சாயங்காலம் ஆனால் இன்னும் மோசம். எப்போதும் ஒன்றுக்குப் போவது அந்த முருங்கை மரத்தடியில்தான். இப்போது அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. காலையில் பத்து மணி வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு வாசல் பக்கம் போகிறான். எங்கள் பூனையோ முதல் நாளே போய்க் குதிரைக் காலில் கன்னத்தைத் தேய்த்துவிட்டு வந்துவிட்டது. அத்தை, "ஐயனார் குதிரையை வீட்டில் வைக்கலாமா? நாய் கண்ணுக்கு என்னமோ தெரியுது" என்கிறார். கணவர், "கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முகத்துக்கு நேரே காட்டினால் பயம் தெளிந்துவிடும்" என்கிறார். அவனுக்குக் கண்ணில் ஏதாவது கோளாறா? குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? இதன் ஜோடிக் குதிரை வேறு பொங்கலுக்கு அப்புறம் வருவதாக இருக்கிறது.

- ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குதிரையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். கருப்பனை இழுத்துக்கொண்டும் போக வேண்டாம். இந்த இரண்டையும் இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் குதிரையின் உள்ளே பாருங்கள். சுடுமண் குதிரை உள்ளே வெறும் கூடு. சூளையில் வெடிக்காமல் இருக்க வயிற்றிலோ வாயிலோ அடியிலோ ஓட்டை விட்டிருப்பார்கள். ரோட்டோரம் வெயிலிலும் மழையிலும் பல நாள் நின்ற பொருள் அது. பல்லி, எலி, குளவிக் கூடு, தேள், சில சமயம் பாம்புகூட அதற்குள் தங்க இடம் உண்டு. நாய் குரைப்பது குதிரையைப் பார்த்தா, குதிரைக்குள் இருப்பதைக் கேட்டா என்பதை அவன் நிற்கும் விதத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து ஒரே இடத்தை உற்றுக் கேட்கிறான், அடிப்பக்க மண்ணைப் பிராண்டுகிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. தூரத்தில் நின்று முகத்தைப் பார்த்துக் குரைக்கிறான், உடம்பு பின்னுக்கு இழுக்கிறது என்றால் குதிரைதான் அவன் பிரச்சினை. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது போலத்தான் இருக்கிறது. இருந்தாலும் பார்த்துவிடுங்கள். கையை மட்டும் விட வேண்டாம், குச்சியால் தட்டுங்கள். நாயைப் பாம்பு தீண்டிவிட்டால் கட்டுப்போடுவது, கீறிவிடுவது எதுவும் கூடாது. நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேராகக் கால்நடை மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து வரும் விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும் போடுகிறோம்.

உள்ளே ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கருப்பன் எதைப் பார்க்கிறான்?

நீங்கள் பார்ப்பது செங்கல் நிறக் குதிரை. அவன் பார்ப்பது வேறு. நம் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் மூன்று வகை. நாய்க்கு இரண்டே வகை. நாய்கள் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகப் பிரிக்கின்றன, சிவப்பையும் பச்சையையும் பிரிக்கத் திணறுகின்றன என்பது 1989-இல் வெளியான ஆய்விலேயே நிறுவப்பட்டுவிட்டது. உங்கள் தோட்டத்தில் அது எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பச்சை இலைகளுக்கு நடுவே நிற்கும் செம்மண் நிற உடம்பு, அவன் கண்ணுக்கு இலையோடு சேர்ந்து மங்கலான ஒரே பழுப்பு மஞ்சளாகப் போய்விடும். அதிலிருந்து பளிச்சென்று பிரிந்து நிற்பவை இரண்டு. ஒன்று, நீலத்தில் தீட்டிய கழுத்து மணி. இன்னொன்று, வெள்ளையும் கறுப்புமாக விழித்துப் பார்க்கும் அந்தக் கண்கள். உடம்பு சரியாகப் பிடிபடாத இடத்தில் இரண்டு கண் மட்டும், அவன் தலைக்கு மேலே, இமைக்காமல் அவனையே பார்க்கிறது. நானாக இருந்தாலும் குரைப்பேன்.

பார்வைக் கூர்மையிலும் நாய் நமக்குப் பின்னால்தான். 75 அடியில் நாம் தெளிவாக அடையாளம் காணும் ஒன்றை அது 20 அடிக்குப் பக்கத்தில் வந்தால்தான் அதே தெளிவில் காணும். ஆனால் அசைவு என்றால் கதையே வேறு. பழைய ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற காவல் நாய்களில் கூர்மையானவை அசையும் பொருளை 800, 900 மீட்டர் தூரத்திலிருந்தே கண்டுகொண்டன. அதே பொருள் அசையாமல் நின்றபோது 585 மீட்டரைத் தாண்டித் தெரியவில்லை. நாயின் கண் அசைவைப் பிடிப்பதற்காக அமைந்த கண். அசையாத ஒன்றைப் பார்த்து இது என்ன என்று முடிவு கட்டுவது அதற்குக் கஷ்டம்.

அந்த அசையாமைதான் இங்கே சிக்கல். உயிருள்ள எந்தப் பிராணியும் நாயைப் பார்த்ததும் எதையாவது செய்யும். மாடு வாலைச் சுழற்றும், ஆடு விலகும், இன்னொரு நாய் காதைப் பின்னுக்குத் தள்ளும் அல்லது வாலை ஆட்டும். அந்தச் சின்னச் சின்ன அசைவுகளை வைத்துத்தான் எதிரே நிற்பது நல்லதா கெட்டதா என்று கருப்பன் தீர்மானிக்கிறான். எதிரே நிற்பது விறைத்துக்கொண்டு, கண் எடுக்காமல், வாலைக்கூட ஆட்டாமல் நின்றால் அதற்கு நாய் பாஷையில் ஒரே பொருள்: கிட்டே வந்தால் நடப்பது வேறு. சண்டைக்கு முந்தைய நிமிடத்தில் நாய்கள் அப்படித்தான் நிற்கும். தெருவில் பார்த்திருப்பீர்கள்.

இதைக் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நிஜ நாய் அளவுக்கு ஒரு பொம்மை நாய் செய்து, வாலை மட்டும் ரிமோட்டில் ஆட்டும்படி வைத்து, கயிறில்லாமல் சுற்றும் நாய்கள் வரும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வில் கிட்டத்தட்ட 500 சந்திப்புகள். நீண்ட வால் ஆடியபோது நாய்கள் தயக்கமில்லாமல் நெருங்கின. அதே நீண்ட வால் அசையாமல் நின்றபோது தயங்கின. உடம்பு அதே பொம்மை உடம்புதான். மாறியது வாலின் அசைவு மட்டும். உங்கள் குதிரையின் வாலோ மண்ணில் செய்து சுட்டது. ஆடப்போவதே இல்லை.

சாயங்காலம் ஆனால் இன்னும் மோசம் என்று எழுதியிருந்தீர்கள். முருங்கை மரம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு ஒரு சந்தேகம். முருங்கை இலை லேசான காற்றுக்கே ஆடும். சாய்ந்த வெயிலிலோ தெருவிளக்கு வெளிச்சத்திலோ அந்த நிழல் குதிரை மேல் விழுந்து ஓடும். நிற்கும் குதிரையின் முகத்திலும் கழுத்திலும் ஏதோ நகர்கிற மாதிரி இருக்கும். நமக்கு அது நிழல். மங்கிய ஒளியில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும், அசைவென்றால் உடனே பிடித்துக்கொள்ளும் ஒரு கண்ணுக்கு, இத்தனை நேரம் அசையாமல் நின்ற ஒன்று இப்போது அசைய ஆரம்பித்துவிட்டது. ஏழு மணி வாக்கில் அவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, அவன் நிற்கும் இடத்திலிருந்து ஒரு தடவை குதிரையைப் பாருங்கள். அப்புறம் அவனை நீங்கள் திட்டவே மாட்டீர்கள்.

சரி, மூக்கு? அங்கேதான் எல்லாம் தீர வேண்டும், அங்கேயும் குழப்பம். நம் மூக்கில் மோப்ப உணர்விகள் 50, 60 லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கு மேல். கண் சொல்வதை மூக்கு வழிமொழிந்தால்தான் நாய் நம்பும். குதிரை உருவம் நிற்கிறது. குதிரை வாடை இல்லை, வியர்வை இல்லை, சாணம் இல்லை, மூச்சு இல்லை. இருப்பது சுட்ட மண், வைக்கோல், பெயிண்ட், தெரியாத மனிதர்களின் கை. இன்னொன்றும் இருக்கும், அதை யாரும் யோசிப்பதில்லை. ரோட்டோரம் நின்ற குதிரை என்றால் அந்த ஊர்த் தெருநாய்கள் அதன் காலில் எத்தனை தடவை காலைத் தூக்கியிருக்கும்! சுடுமண் ஈரத்தை உறிஞ்சும். வாடை உள்ளே போய்த் தங்கிவிடும். கருப்பன் கணக்கில், அவன் வீட்டுக் கொல்லையில், அவன் மரத்தடியில், முன்பின் தெரியாத நாய்களின் கையெழுத்தோடு ஒரு பெரிய உருவம் வந்து நின்றுகொண்டது. இடம் வேறு அவனுடைய கழிப்பிடம். எந்த நாயும் உடம்பைத் தளர்த்தி, எதிரிக்கு முதுகு காட்டி நிற்க யோசிக்கும் இடம் அது.

அவன் வளர்ந்த விதமும் கொஞ்சம் காரணம். குட்டிக்கு 3 வாரத்திலிருந்து 12 வாரம் வரை ஒரு காலம் உண்டு. உலகத்தில் எது எது சகஜம் என்ற பட்டியலை நாய் மூளை அப்போதுதான் எழுதிக்கொள்கிறது. ஸ்காட், புல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1960-களில் எடுத்துச் சொன்னது இது. இன்றும் எங்கள் தொழிலில் அதை வைத்துத்தான் பேசுகிறோம். கருப்பன் உங்களிடம் வந்தது நாலு மாதத்தில். அதற்குள் அந்தப் பட்டியல் பெரும்பாலும் எழுதி முடிந்துவிட்டது. அதில் லாரி இருக்கும், மாடு இருக்கும், கல்லெறியும் பையன்கள் இருப்பார்கள். கொல்லைப்புறத்தில் நாலடிக் குதிரை இருந்திருக்காது. தெருவில் பிழைத்த குட்டிகளுக்குப் புதுப் பொருளைச் சந்தேகப்படுவது உயிர் காத்த பழக்கமும்கூட.

ஆக, அவன் கண்ணில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே பொருளைக் கண்டு, அது வந்த நாளிலிருந்து, ஒரே மாதிரி பயப்படுகிறான். மற்றபடி ஓடுகிறான், தின்கிறான் என்றால் அது நல்ல கண்ணும் நல்ல மூளையும் உள்ள நாய். பல வருஷமாக இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் துணிக்கல்லையும் பார்த்துத் திடீரென்று குரைத்தால், இருட்டியதும் படியில் தடுமாறினால், கண் பாப்பா மேல் பால் படர்ந்த மாதிரியோ சிவந்தோ இருந்தால் காட்டத்தான் வேண்டும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலே கண்ணுக்குள் அழற்சியையும் ரத்தக் கசிவையும் கொண்டுவரும். அதனால் நாட்டு நாய் என்றால் கண்ணோடு ரத்தத்தையும் பார்த்துவிடுவோம். வெறிநோய் பயம் வேண்டாம். ஊசி போட்ட நாய், ஒரு பொம்மையை மட்டும் பார்த்துக் குரைப்பது வெறி கிடையாது. குரல் மாறுவது, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகுவது, கண்டதையெல்லாம் கடிப்பது என்று வந்தால் மட்டும் அவனைத் தொடாமல் தனியே அடைத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

முடி நட்டுக்கொள்வதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு மயிர்க்கூச்செறிவது போல அதுவும் அவன் கையில் இல்லாத விஷயம். அதோடு வேறென்ன செய்கிறான் என்று பாருங்கள். உதட்டை நக்கிக்கொள்கிறானா, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறானா, முன்னங்கால் முன்னே நீட்டியும் பின்னங்கால் ஓடத் தயாராகப் பின்னாலேயே ஊன்றியும் இருக்கிறதா? ஓரடி முன்னால் மூன்றடி பின்னால் என்று நீங்கள் எழுதியதே போதும். பயமும் ஆவலும் சரிபாதியாக இழுக்கின்றன. முழுப் பயம் என்றால் அவன் பின்கட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டான். ஆவல் இருக்கிறதே, நமக்கு வேலை பாதி குறைந்தது.

உங்கள் கணவர் சொல்லும் வைத்தியம் நம் ஊரில் ரொம்பப் பிரபலம். குழந்தையைக் கிணற்றில் தள்ளி நீச்சல் கற்றுக்கொடுத்த தலைமுறை அல்லவா நாம்! நாயிடம் அது எடுபடாது. கழுத்தில் பட்டை இறுகுகிறது, வலிக்கிறது, நம்பிய மனிதரே இழுக்கிறார், எதிரே அந்தக் கண். இது எல்லாம் சேர்ந்து குதிரைக் கணக்கில் எழுதப்படும். சில நாய்கள் கடைசியில் போராடாமல் உறைந்துபோய் நின்றுவிடும். அதைப் பார்த்துப் பயம் தெளிந்துவிட்டது என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். தெளியவில்லை, கைவிட்டிருக்கிறது. வேறு சில நாய்கள் திரும்பி, இழுக்கும் கையைக் கடித்துவிடும். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம். உடம்பு அடங்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். முதல் நாள் கருப்பனை வீட்டுக்குள் விட்டுவிட்டு, குதிரையை நன்றாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் சிறுநீர் வாடை போக்கும் நொதி திரவம் கிடைக்கும். காலிலும் அடியிலும் அதை ஊற்றி ஊறவிடுங்கள். ஃபினாயில் வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டில் பூனை இருக்கிறது, அதன் உடம்புக்கு அது விஷம். அம்மோனியா கலந்த சோப்பு நீரும் வேண்டாம். நாய் மூக்குக்கு அது மூத்திர வாடை மாதிரியே இருக்கும். கழுவிக் காய்ந்ததும் குதிரையை முருங்கை மரத்தடியிலிருந்து எடுத்துத் தோட்டத்தின் எதிர்மூலைக்கு மாற்றுங்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். கண்ணை மறைத்து ஒரு பழைய துண்டை இறுக்கிக் கட்டினாலும் சரி. முனை தொங்கிக் காற்றில் ஆடக் கூடாது, அது அடுத்த பூதமாகிவிடும். கருப்பன் படுக்கும் சாக்கையோ துணியையோ எடுத்துக் குதிரையின் காலிலும் வயிற்றிலும் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். அவன் வாடை அதில் ஏறட்டும்.

மரத்தடி திரும்பக் கிடைத்தாலே ஒன்றுக்குப் போகும் பிரச்சினை அனேகமாகத் தீர்ந்துவிடும். அதுவரை காலையில் எழுந்ததும் வாசல் வழியாக நீங்களே வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், பத்து மணி வரை விட வேண்டாம். ஒரு நாள் முழுக்க ஒரு சொட்டுகூடப் போகவில்லை, அல்லது முக்கி முக்கிச் சொட்டு சொட்டாக வருகிறது என்றால் குதிரையை மறந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஆண் நாய்க்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்தாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

இரண்டாம் நாளிலிருந்து கோழி ஈரல். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து நகக்கண் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அதனால்தான் சொல்கிறேன். கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு மார்பில் மாட்டும் பட்டி போடுங்கள். கயிறு தொய்வாகவே இருக்கட்டும். குதிரை தெரியும்படி, ஆனால் அவனுக்குக் குரைக்கத் தோன்றாத தூரத்தில் நிற்க வேண்டும். பத்தடியில் குரைக்கிறான் என்றால் இருபத்தைந்து அடியில் தொடங்குங்கள். தூரம் சரியா என்று கண்டுபிடிக்க ஈரலே போதும். வாங்கித் தின்றால் சரி. ஈரலையே மறுத்துக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் பின்னால் போக வேண்டும். அவன் குதிரையைப் பார்க்கிறான், உடனே ஒரு துண்டு. பார்வையை எடுத்து உங்களைப் பார்க்கிறான், இன்னொரு துண்டு. கொஞ்ச நேரம் இப்படிப் போனதும் புல்லில் நாலைந்து துண்டு இறைத்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள். மூக்கைத் தரையில் வைத்துத் தேடும் நாய்க்கு உடம்பு தானாகத் தளரும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும், காலை ஒரு தடவை, மாலை வெளிச்சம் மங்குவதற்கு முன் ஒரு தடவை. மறுநாள் இரண்டு மூன்றடி நெருங்கலாம். நெருங்கியதும் குரைத்தால் திட்டாதீர்கள். பேசாமல் நேற்றைய இடத்துக்குத் திரும்புங்கள்.

இதோடு உங்கள் கணவருக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். காலையில் காபியும் பேப்பருமாகப் போய்க் குதிரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும். கருப்பனைக் கூப்பிட வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். நடுநடுவே குதிரை முதுகில் தட்டிக்கொள்ளட்டும், சாதாரணக் குரலில் ஏதாவது பேசட்டும். இதில் விளையாட்டு எதுவும் இல்லை. இத்தாலியில் மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மின்விசிறியில் பச்சை ரிப்பன்களைக் கட்டிப் பறக்கவிட்டு நாய்களுக்குக் காட்டினார்கள். 2012-இல் வெளியான ஆய்வு அது. பெரும்பாலான நாய்கள் அந்த விசித்திரத்தைப் பார்த்துவிட்டு உடனே திரும்பித் தங்கள் வீட்டு மனிதர் முகத்தைப் பார்த்தன. மனிதர் பயந்த குரலில் பேசினாரா, சந்தோஷமாகப் பேசினாரா என்பதைப் பொறுத்து அவற்றின் நடையும் மாறியது. கருப்பனும் உங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் விரட்டுகிறார், அத்தை வாசற்படியில் நின்று "சாமி, சாமி" என்கிறார். அவன் எந்த முகத்தை நம்புவான்?

பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். பயம் என்பது அவன் கூலிக்குச் செய்யும் வேலை அல்ல, நீங்கள் கூலி கொடுத்து வளர்ப்பதற்கு. உங்கள் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தால் தாராளமாகத் தடவிக் கொடுங்கள்.

ஒருநாள் அவனாகக் கிட்டே போவான். நேராகப் போக மாட்டான். வளைந்து, சுற்றி, பின்பக்கமாக. முன்பின் தெரியாதவரை முகத்துக்கு நேரே எதிர்கொள்வது நாய்களிடையே மரியாதையான காரியமில்லை. பின்னங்கால், வால் அடி, வயிறு என்று மோந்துகொண்டு வருவான். அந்த நேரத்தில் யாரும் "சபாஷ்" என்று கத்த வேண்டாம், கைதட்டவும் வேண்டாம், மூச்சுவிடாமல் இருங்கள். கயிறு இறுகவே கூடாது. மோந்து முடித்து அவனாகத் திரும்பி வந்ததும் ஈரலைக் கொட்டுங்கள். சில நாய்களுக்கு இந்தக் கட்டம் மூன்று நான்கு நாளிலேயே வரும், சில இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அதன்பின் துண்டை அவிழ்க்கலாம், இன்னும் சில நாள் கழித்து முகத்தைத் திருப்பி வைக்கலாம்.

பழகிவிடும் என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு வேறு பிராணிகளும் சாட்சி. 2023 செப்டம்பரில் டெல்லியில் ஜி-20 மாநாடு நடந்தபோது, குரங்குகளை விரட்டச் சாலையோரங்களில் லங்கூர் என்ற கறுப்பு முகக் குரங்கின் பெரிய படங்களை வெட்டி நிறுத்தினார்கள். இந்த மாதிரி ஏற்பாடெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். சோளக்கொல்லைப் பொம்மையின் தலையில் காக்கை உட்கார்ந்திருப்பதை நாம் பார்க்காததா? ஒன்றும் செய்யாத ஒன்றை எந்தப் பிராணியும் ரொம்ப நாள் மதிப்பதில்லை. தோட்டக்காரர்களுக்கு அது தலைவலி, நமக்கு அதுவே மருந்து.

பூனையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் கன்னத்தில் வாடைச் சுரப்பிகள் உண்டு. தேய்த்ததன் மூலம் குதிரையைத் தன் சொத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது. இனி அதன் மேல் ஏறும். நாலடி மண் குதிரை சாய்ந்தால் பூனைக்கும் ஆபத்து, கீழே படுத்திருக்கும் நாய்க்கும் ஆபத்து. நாலு காலையும் கொஞ்சம் மண்ணில் புதைத்து, ஆட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பெயிண்ட் உதிர்கிறதா என்றும் பாருங்கள். மலிவுப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், இரண்டும் நக்கும் ஜாதி.

அத்தையிடம் என்ன சொல்வது? என் படிப்பு நாயோடு சரி, இருந்தாலும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ஐயனாருக்கு மண் குதிரை கொண்டுபோய் விடும் புரவி எடுப்புத் திருவிழா பார்த்திருப்பதால் ஒன்று சொல்கிறேன். நேர்ந்துகொண்டு செய்யச் சொல்லி, மண் குதிரை செய்யும் வேளார் அதற்குக் கண் திறந்து, ஊர்கூடித் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் விடுவதுதான் சாமிக் குதிரை. கடையில் விலை பேசி வண்டியில் ஏற்றி வந்தது தோட்டத்துப் பொம்மை. அப்படியும் மனசு கேட்காவிட்டால் கோயில் பூசாரியை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். அதுவுமில்லாமல், கருப்பசாமி என்றால் அவரோடு குதிரையும் நாயும் இருக்கும் என்பது அத்தைக்குத் தெரியாததா? கருப்பன் என்று பேர் வைத்துவிட்டுக் குதிரையை மட்டும் ஆகாது என்றால் எப்படி?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கட்டாயம் நடக்கப் போகிறது. பயம் தெளிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ கருப்பன் குதிரையின் பின்னங்காலில் காலைத் தூக்குவான். அத்தை பதறுவார். அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். இவ்வளவு பாடுபட்டதெல்லாம் அந்த ஒரு அடியில் போய்விடும். அவனைப் பொறுத்தவரை வெளியூர் நாய்களின் கணக்கை அழித்துத் தன் பேரில் எழுதிக்கொள்கிறான். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பேசாமல் வாருங்கள்.

ஜோடிக் குதிரை பொங்கலுக்கு அப்புறம் வரட்டும், அதற்குள் இது பழகியிருக்கும். வண்டியிலிருந்து இறக்கியதும் தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வாசலிலேயே வைத்துக் கழுவி, உள்ளே பார்த்து, தரையில் படுக்கப்போட்டபடியே ஒரு நாள் விட்டு வையுங்கள். படுத்துக் கிடப்பதைக் கண்டு நாய்களுக்கு அவ்வளவு பயம் வராது, அவன் மோந்து பார்ப்பதற்கும் தலை எட்டும். அவன் மோந்து முடித்த பிறகு நிமிர்த்தி, முதல் குதிரைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நிறுத்துங்கள். கண்ணுக்கு வர்ணம் பூசாமல் கிடைக்குமா என்று கடைக்காரரை இப்போதே கேட்டு வைத்தால் இன்னும் நல்லது. பழகியபின் நீங்களே தீட்டிக்கொள்ளலாம்.